சேதாரம் போக 72 கிலோ

கேள்வி: மெல்போர்னில் இருக்கும் மகன் பல்லாரட், கேசில்மெயின் பக்கமெல்லாம் கூட்டிப்போனான். வெள்ளைக்காரன் காலத்தில் ஓடை மண்ணை அரித்தே அங்கே தங்கம் எடுத்தார்களாமே? எத்தனை பேருக்கு அதிர்ஷ்டம் அடித்திருக்கும்? இப்போது என்ன மிச்சம் இருக்கிறது? – ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: அதிர்ஷ்டசாலிகள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஜான் டீசன், ரிச்சர்ட் ஓட்ஸ். 1869 பிப்ரவரி 5 அன்று மோலியாகுலில் ஒரு மரத்தின் வேரைக் கொத்தியபோது, ஓரங்குல ஆழத்தில் ‘வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்’ என்ற பொற்கட்டி தட்டுப்பட்டது. மொத்த எடை 109 கிலோ. ஒட்டியிருந்த கல்லைத் தட்டிய பிறகு 78. கடைசியில் தேறிய சுத்தத் தங்கம் 72. அதை நிறுக்கும் அளவுக்குத் தராசு இல்லாததால் டன்னாலி ஊர்க் கொல்லர் பட்டறைக் கல்லில் வைத்து மூன்றாக உடைத்தார்.

37 கிலோ சேதாரம்! ஆனாலும் நேர்மையான சேதாரம். கழிந்தது கல் என்று கண்ணால் பார்க்கலாம். நம்மூர் நகைக்கடையில் பதினாறு சதவீதம் என்கிறார்கள். ‘சேதமான தங்கத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுங்கள், நான் எடுத்துப்போகிறேன்’ என்றால் பேச்சைக் காணோம். பல வருஷமாக இதே பக்கத்தில் கேட்டுவருகிறேன். ஒரு கடைக்காரர் பதிலுக்குக் காலண்டர் அனுப்பினார். அதிலும் மே மாதத் தாள் கிழிந்திருந்தது. அதுதான் சேதாரம் போலிருக்கிறது.

சரி, மற்றவர்கள் கதைக்கு வருவோம். 1851-இல், மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா காலனியில் தங்கம் தென்பட்டதுமே, குழி தோண்ட மாதம் 30 ஷில்லிங் உரிமக் கட்டணம் போட்டார்கள். தங்கம் கிடைத்தாலும் கட்டு, கிடைக்காவிட்டாலும் கட்டு. 1854 டிசம்பர் 3-இல் பல்லாரட்டின் யுரேகாவில், கட்டணத்தை எதிர்த்துக் கிளம்பியவர்களோடு படை மோதி இருபது பேருக்கு மேல் செத்த பிறகுதான் அது வருஷத்துக்கு ஒரு பவுண்டாக இறங்கியது. சீனர்களுக்கு மட்டும் 1855 முதல் துறைமுகத்திலேயே தலைக்குப் பத்துப் பவுண்டு வரி. அவர்கள் பக்கத்துக் காலனியின் ரோப் துறைமுகத்தில் இறங்கி, 400 கிலோமீட்டருக்கு மேல் நடந்தே வந்தார்கள்.

மிச்சம் கேட்டீர்கள். கேசில்மெயின் காட்டில் வட்ட வட்டமாகப் பள்ளங்களைப் பார்த்திருப்பீர்கள். களிமண்ணையும் தண்ணீரையும் கொட்டி, குதிரையைச் செக்குமாடு மாதிரி சுற்றவிட்டுக் கலக்குவார்கள்; பொன் அடியில் தங்கும். அப்புறம், பென்னிவெயிட் பிளாட். ஒரு பென்னிவெயிட் என்பது ஒன்றரை கிராம். அவ்வளவுதான் தேறும் என்று ஒதுக்கிய கல்லாந்தரையில் 1850-களில் இருநூறு பேர்வரை புதைத்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். ஓடையெல்லாம் சேறாக்கிவிட்டு அதே தண்ணீரைக் குடித்தால் வயிற்றுப்போக்கு வராமல் என்ன செய்யும்?

இதற்கெல்லாம் ஆஸ்திரேலியா போக வேண்டியதில்லை. விக்டோரியா சுரங்கத்துறையில் செயலாளராக இருந்த பிரஃப் ஸ்மித்தைத்தான் நம் நீலகிரியின் தேவாலா, பந்தலூர் பக்கம் வரவழைத்தார்கள். 1880-இல் அவர் அறிக்கை வந்ததும் லண்டனில் கம்பெனிகள் முளைத்தன, பங்குகள் பறந்தன. சில வருஷத்தில் எல்லாம் படுத்துவிட்டது. அங்கே அதிர்ஷ்டம் அடித்தது யாருக்குத் தெரியுமா? நோய் விழுந்த காப்பித் தோட்டத்தைத் தங்கவயல் என்று கம்பெனிகளின் தலையில் கட்டிய துரைமார்களுக்கு. சுரங்கங்கள் இன்னும் கிடக்கின்றன. மகன் ஊருக்கு வரும்போது ஒரு நடை போய்ப் பாருங்கள். உள்ளே மட்டும் நுழையாதீர்கள், திருட்டுத்தனமாகத் தோண்டப்போய் மண் சரிந்து செத்தவர்கள் உண்டு.