மறைத்து வைத்த நாய்

கேள்வி: 'மணி' என்ற என் சிறுகதையைத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெரியவர் மணிக்காகத் தவித்தபடி உட்கார்ந்திருக்கிறார். மணி ஒரு நாய் என்பது கடைசி வரியில்தான் தெரியும். படித்த நண்பர்கள் அசந்துபோனார்கள். கதை என்றால் முடிவில் ஒரு திருப்பம் வேண்டாமா?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: அசந்துபோனவர்களில் யாராவது இரண்டாம் முறை படித்தார்களா என்று விசாரித்துப் பாருங்கள்.

திருப்பத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசான் 1884-இல் எழுதிய நெக்லஸ் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். ஒருத்தி பணக்காரச் சிநேகிதியிடம் வைர நெக்லஸை இரவல் வாங்கி விருந்துக்குப் போட்டுப் போகிறாள், தொலைத்துவிடுகிறாள். அதே மாதிரி ஒன்றை 36,000 பிராங்குக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, கடனை அடைக்கப் புருஷனும் பெண்டாட்டியும் பத்து வருஷம் உழைத்துத் தேய்கிறார்கள். தொலைந்தது 500 பிராங்குக்கு மேல் பெறாத போலி என்பது கடைசியில்தான் தெரிகிறது.

இதில் மாப்பசான் யாரையும் ஏமாற்றவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரியும். நடுவில் வரும் நகைக்கடைக்காரரைப் பாருங்கள். தொலைந்த நெக்லஸின் பெட்டியில் இருந்த பெயரை வைத்து அவரைத் தேடிப் போகிறார்கள். அவர் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, நெக்லஸ் நான் விற்றதில்லை, பெட்டி மட்டும்தான் என் கடையது என்கிறார். உண்மை பாதி வெளியே வந்தாயிற்று. ஆனால் அவர்கள் பதற்றத்தில் அடுத்தடுத்த கடைக்கு ஓடுகிறார்கள். பின்னாலேயே நாமும் ஓடுகிறோம். புது நெக்லஸைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது சிநேகிதி பெட்டியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. முதல் முறை படிக்கையில் 'அப்பாடா, தப்பித்தாள்' என்று இருக்கும். முடிவு தெரிந்த பிறகு அதே வரியைப் படித்தால் வயிற்றைப் பிசைகிறது.

சரி, உங்கள் கதை. பெரியவரின் மனசுக்குள் உட்கார்ந்துதான் எழுதுகிறீர்கள். மணி நாய் என்பது அவருக்குத் தெரியும். டாக்டருக்கும் தெரியும். தெரியாதது எங்களுக்கு மட்டும்! அந்த ரகசியத்தைக் காப்பாற்ற வாலை மறைத்தீர்கள், குரைப்பை மறைத்தீர்கள். கால்நடை ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு கோழி, ஒரு கன்றுக்குட்டி கூடவா இருக்காது? அதையும் காட்ட முடியாமல் போயிற்று. கண்ணெதிரே இருப்பதை எழுதவிடாத உத்தி எதற்கு? ('அவள்' கடைசியில் டவுன் பஸ்ஸாகவோ பசுமாடாகவோ ஆகிவிடும் கதைகள் தபாலில் வந்துகொண்டே இருக்கின்றன. நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேர வேண்டியவர் இல்லை.)

ஏன் சொல்கிறேன் என்றால், ஐந்தாவது பத்தியில் ஒரு நல்ல இடம் இருக்கிறது. ஊசிக்குப் பணம் போதவில்லை. பெரியவர் மகனுக்கு போன் போட்டு, 'பிரஷர் மாத்திரை தீர்ந்துபோச்சுப்பா' என்று பொய் சொல்கிறார். கதையே அதுதான் ஐயா! நாய்க்கென்று கேட்டால் மகன் தரமாட்டான். தனக்கென்று கேட்க இவருக்குக் கூச்சம். கேட்டும்விடுகிறார். மணி யார் என்று எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்த ஒரு வாக்கியத்தில் அப்பனும் பிள்ளையும் எப்படி இருக்கிறார்கள் என்பது முழுசாகத் தெரிந்திருக்கும். நீங்களோ மணியைப் பேரன் என்று நம்பவைத்துவிட்டீர்கள். பேரனுக்கு ஊசி போட இந்த மனுஷன் ஏன் பெற்ற மகனிடமே பொய் சொல்கிறார் என்று குழம்பிக்கொண்டே அந்த இடத்தைத் தாண்டிப் போனேன்.

முதல் வரியிலேயே மணியை நாயாக விட்டு, அந்த போன் பேச்சை இன்னும் கொஞ்சம் நீட்டி அனுப்புங்கள். மகனும் நாலு வார்த்தை பேசட்டும். அப்புறம், 'கண்கள் பனித்தன' மூன்று இடத்தில் வருகிறது. மூன்றையும் எடுத்துவிடுங்கள்.