அலி இன்னைக்கு ரிங்ல இறங்கினா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல இந்தக் கால குத்துச்சண்டை சாம்பியன்கள் உசிக் – ஃப்யூரி சண்டை பத்தி எழுதினப்போ, "உசிக்கும் அந்தக் காலத்து முகமது அலியும் கிட்டத்தட்ட ஒரே அளவு உடம்புக்காரங்க"னு ஒரு வரி போட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதம், மெயில் எல்லாம் சேர்த்தா ஒரு இதழே போடலாம் போல. திட்டி எழுதினவங்களும் உண்டு, கண்ணு கலங்குற மாதிரி எழுதினவங்களும் உண்டு. அதனால இந்த வாட்டி முழுக்க ஹெவிவெயிட் (குத்துச்சண்டையில அதிக எடைப்பிரிவு) கேள்விகள் தான்.

கேள்வி: அந்தக் காலத்து சாம்பியன்கள் எல்லாம் 85, 90 கிலோ. ஃப்யூரி மாதிரி 120 கிலோ ஆளு மேல சாஞ்சாலே பாதி உயிர் போயிடும். இதுல ஒப்பிட என்ன இருக்கு? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: எடை ஒரு பெரிய விஷயம் தான், அதை மறுக்கல. ஆனா எடை மட்டும் தான்னு நீங்க சொல்றதை ஒத்துக்க முடியல, ஏன்னா கண்ணு முன்னாடி நடந்ததே வேற. 2013-ல நியூயார்க்ல ஃப்யூரியை ரெண்டாவது ரவுண்டுல மல்லாக்க விழ வச்சது ஸ்டீவ் கன்னிங்ஹாம், அவரு ஹெவிவெயிட்டை விடக் குறைஞ்ச எடைப்பிரிவான க்ரூசர்வெயிட்ல இருந்து மேல வந்தவரு, அன்னைக்கு எடை 95 கிலோ, ஃப்யூரி 115. எழுந்து வந்து ஏழாவது ரவுண்டுல ஃப்யூரி ஜெயிச்சாருங்கறதும் உண்மை தான், ஆனா விழுந்தாரு இல்லையா. 2018 டிசம்பர்ல லாஸ் ஏஞ்சலஸ்ல அவரை ரெண்டு தடவை கீழ போட்ட வைல்டருக்கு எடை 96 கிலோ தான், 1966-ல அலிக்கு இருந்த அதே எடை! இந்தக் காலத்துலயே ரொம்ப பயங்கரமா அடிக்கிறவர்னு பேர் எடுத்த ஆளோட எடை இது.

அந்தக் காலத்துலயும் மலை மாதிரி ஆளுங்க இருந்தாங்கங்கறதை மறந்துடுறோம். 1919-ல ஜெஸ் வில்லர்ட் ஆறரை அடிக்கு மேல உயரம், 111 கிலோ. அவரை ஜாக் டெம்ப்ஸி 85 கிலோ உடம்பை வச்சுக்கிட்டு முதல் ரவுண்டுலயே ஏழு தடவை கீழ போட்டாரு. ஆனா இதுல ஒண்ணு சொல்லியே ஆகணும், அப்போ எதிராளி விழுந்தா தள்ளிப்போய் ஒரு மூலையில நிக்கணும்னு விதி இல்லை, டெம்ப்ஸி பக்கத்துலயே நின்னு, வில்லர்ட் முழங்கால் தரையை விட்டு எழும்புறப்பவே மறுபடி அடிச்சாரு. இன்னைக்கு ரெஃப்ரி விடமாட்டாரு. ஜோ லூயிஸ் 1942-ல 113 கிலோ பட்டி பேர்ங்கற (Buddy Baer) ஆளை ஒரே ரவுண்டுல முடிச்சாரு, லூயிஸ் அப்போ 94 கிலோ தான். அதுக்காக பட்டி பேரையும் ஃப்யூரியையும் ஒரே தராசுல வைக்கல, ஃப்யூரி அந்த உடம்போட டான்ஸ் ஆடுற மாதிரி நகர்வாரு, அந்தக் கால பெரிய ஆளுங்க யாருக்கும் அப்படி கால் கிடையாது. பெரிய உடம்பு அப்பவும் இருந்துச்சு, பெரிய உடம்போட இந்த மாதிரி ஃபுட்வொர்க்கும் சேர்ந்து வந்தது தான் புதுசு.

கேள்வி: 49 சண்டை, 49 வெற்றி. மார்சியானோவை யாராலயும் தோற்கடிக்க முடியாது தானே? (மதுரை வாசகர்)

பதில்: நான் ரொம்ப மதிக்கிற ஆளு, அதனாலயே நேரா சொல்லிடுறேன், இன்னைய ஹெவிவெயிட்ல அவரு கஷ்டப்படுவாரு. அஞ்சடி பத்தரை இன்ச், 85 கிலோ. இன்னைய கணக்குல அவரு ஹெவிவெயிட்டே இல்லை, 90.7 கிலோ வரைக்கும் க்ரூசர்வெயிட். ரீச் (ரெண்டு கையையும் விரிச்சா வர்ற நீளம்) 68 இன்ச் தான், ஃப்யூரிக்கு 85. நடுவுல இருக்கிற அந்தக் கைநீள வித்தியாசத்தை ஒவ்வொரு தடவையும் ஜாப் (முன்னாடி இருக்கிற கையால நேரா விடுற குத்து) வாங்கிக்கிட்டே தாண்டி உள்ள போகணும், போனதும் கட்டிப்பிடிச்சு கழுத்து மேல சாய்வாங்க, மறுபடி வெளியில இருந்து ஆரம்பிக்கணும். க்ரூசர்வெயிட்ல விட்டா இன்னைக்கும் பெல்ட் அவரு இடுப்புல தான் இருக்கும்னு நம்புறேன். 1954-ல எஸ்ஸார்ட் சார்ல்ஸ் கூட ரெண்டாவது சண்டையில ஆறாவது ரவுண்டுல மூக்கே பிளந்துடுச்சு, கார்னர்ல எவ்வளவு அமுக்கியும் ரத்தம் நிக்கல, டாக்டர் எப்போ வேணா நிறுத்தலாம்ங்கற நிலைமை, எட்டாவது ரவுண்டுல சார்ல்ஸை நாக்அவுட் பண்ணிட்டாரு. அந்த மனசுக்கு எடைப்பிரிவு கிடையாது, ஆனா கைநீளம் வேற விஷயம்.

கேள்வி: சார், எனக்கு வயசு 19. 1988 மைக் டைசன் vs ஃப்யூரி, யாரு? ஒரு வார்த்தையில சொல்லுங்க.

பதில்: ஒரு வார்த்தையில முடியாது தம்பி. முதல் நாலு ரவுண்டு டைசன், அதைத் தாண்டிட்டா ஃப்யூரி. 91 செகண்ட்ல ஸ்பிங்க்ஸை முடிச்ச வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீங்க, 1987-ல போன்க்ரஷர் ஸ்மித் கூட போட்டதையும் தேடிப் பாருங்க. ஆறடி நாலு இன்ச் ஆளு, 12 ரவுண்டும் டைசன் கையைப் பிடிச்சு கட்டிக்கிட்டே நின்னாரு, டைசன் பாயிண்ட்ஸ்ல தான் ஜெயிச்சாரு. அதே வருஷம் ஆறடி அஞ்சு இன்ச் டோனி டக்கரும் 12 ரவுண்டு தாக்குப்பிடிச்சாரு. 1990 டோக்கியோல டக்ளஸ் ஜாப்பையும் நம்பி, பயமும் இல்லாம நின்னப்போ பத்தாவது ரவுண்டுல டைசனே விழுந்தாரு. ஃப்யூரிக்கு அந்த மூணு பேரை விட உயரம், நீளம், மூளை எல்லாமே அதிகம். ஆனா கன்னிங்ஹாம் அடிச்ச அதே இடத்துல டைசன் கை பட்டா எழுந்திருப்பாரான்னு தெரியாதே, அதான் நாலு ரவுண்டு குடுத்தேன்.

கேள்வி: முன்னாடி 15 ரவுண்டு, இப்போ 12. மூணு ரவுண்டுல அப்படி என்ன வித்தியாசம் வந்துடப் போகுது? (ஈரோடு வாசகி)

பதில்: வந்த கடிதத்துலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி உங்களுது தான்மா. யாரு பெரியவங்கன்னு சண்டை போடுற நாம இதை யோசிக்கறதே இல்லை.

1952 செப்டம்பர், ஃபிலடெல்ஃபியா. சாம்பியன் ஜெர்சி ஜோ வால்காட், சேலஞ்சர் மார்சியானோ. முதல் ரவுண்டுலயே மார்சியானோ கீழ விழுந்தாரு. 12 ரவுண்டு முடியறப்போ மூணு நடுவரோட ஸ்கோர் கார்டுலயும் வால்காட் தான் முன்னாடி. பதிமூணாவது ரவுண்டுல ரோப் ஓரத்துல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வலது கையை எடுத்தாங்க, மார்சியானோவோட கை ரொம்ப கிட்ட இருந்து, ஒரு அடி தூரம் கூட போகல, தாடையில இறங்குச்சு. வால்காட் ஒரு கை ரோப்ல மாட்டிக்கிட்டு மெதுவா மடங்கி முழங்கால்ல உக்காந்து அப்படியே முகம் தரையில படுற மாதிரி சரிஞ்சாரு. இன்னைய விதிப்படி அந்த சண்டை அதுக்கு முன்னாடியே, 12 ரவுண்டோட முடிஞ்சிருக்கும், வால்காட் பெல்ட்டோட வீட்டுக்குப் போயிருப்பாரு, நாம பேசுற 49-0 என்கிற கணக்கே இருந்திருக்காது.

ஜோ லூயிஸுக்கும் இதே கதை தான். 1941-ல மட்டும் அவரு ஏழு தடவை டைட்டிலை காப்பாத்திக்கிட்டாரு (இப்போ சாம்பியன் வருஷத்துக்கு ஒண்ணு, மிஞ்சிப்போனா ரெண்டு), அதுல ஜூன் மாசம் பில்லி கான்கிற சின்ன உடம்புக்காரரு 12 ரவுண்டு வரைக்கும் லூயிஸை சுத்தி சுத்தி ஓடவிட்டு, ரெண்டு ஜட்ஜ் கிட்ட முன்னாடியும் ஒருத்தர் கிட்ட சமமாவும் இருந்தாரு. 12-ல முடிச்சிருந்தா கான் தான் உலக சாம்பியன். பதிமூணாவதுல நாக்அவுட் பண்ணியே ஆகணும்னு கிட்ட வந்து நின்னு அடிச்சாரு, அந்த ரவுண்டு முடிய ரெண்டு செகண்ட் இருக்கறப்போ லூயிஸ் கதையை முடிச்சுட்டாரு. 1978-ல ஹோம்ஸ் – நார்ட்டன் 14 ரவுண்டு முடியறப்போ மூணு பேர் கார்டுலயும் சமம், கடைசி ரவுண்டு தான் முடிவு பண்ணுச்சு. 1971-ல ஃப்ரேசியரோட இடது ஹூக் (கையை வளைச்சு விடுற குத்து) வாங்கி அலி கால் மேல தூக்கி விழுந்ததும் பதினஞ்சாவதுல தான்.

1982-ல கொரியாவோட டுக் கூ கிம் ரேய் மான்சினி கூட பதினாலாவது ரவுண்டு வரைக்கும் போட்டு உயிர் விட்டாரு, அதுக்கு அப்புறம் தான் குறைச்சாங்க. குறைச்சது நூத்துக்கு நூறு சரி, திரும்ப 15 வேணும்னு நான் கேக்க மாட்டேன். ஆனா அந்தக் கால ஆளுங்க உடம்பைத் தயார் பண்ணினதே அந்தக் கடைசி மூணு ரவுண்டுக்கு தான். அதனால அலியும் ஃப்யூரியும் மோதினா யாருன்னு கேக்கறவங்க கிட்ட நான் முதல்ல திருப்பிக் கேக்கறது எத்தனை ரவுண்டுன்னு தான். 120 கிலோவை பதினஞ்சாவது ரவுண்டு வரைக்கும் சுமக்கறது சாதாரண வேலை இல்லை.

கேள்வி: கம்ப்யூட்டர்ல எல்லா டேட்டாவும் போட்டா யாரு ஜெயிப்பாங்கன்னு சொல்லிடாதா? (கோவை வாசகர்)

பதில்: ஐம்பது வருஷத்துக்கு முன்னாடியே பண்ணிட்டாங்க. 1967-ல மியாமில முர்ரே வோரோனர்னு ஒருத்தர் பழைய சாம்பியன்களை எல்லாம் கம்ப்யூட்டர்ல மோதவிட்டு ரேடியோல ஒலிபரப்பினாரு. அதுல அலி ஜிம் ஜெஃப்ரீஸ் கிட்ட தோத்துட்டாருன்னு வந்ததும் அலி கேஸே போட்டாரு. அப்புறம் 1969-ல அலியையும் மார்சியானோவையும் நேர்ல கூட்டிட்டு வந்து கேமரா முன்னாடி நடிக்க வச்சாங்க, மார்சியானோ எடையைக் குறைச்சு தலைக்கு விக் வச்சுக்கிட்டு வந்தாரு, முடிவை பல விதமா எடுத்து வச்சுக்கிட்டாங்க, எது வரும்னு ரெண்டு பேருக்குமே தெரியாது. 1970 ஜனவரில ஒரே ராத்திரி தியேட்டர்கள்ல காட்டினப்போ அமெரிக்காவுல மார்சியானோ பதிமூணாவது ரவுண்டுல நாக்அவுட், ஐரோப்பாவுல காட்டினதுல அலி ஜெயிச்சாரு. மார்சியானோ அதைப் பார்க்கவே இல்லை, படம் எடுத்து முடிச்ச கொஞ்ச நாள்லயே, 1969 ஆகஸ்ட் 31, விமான விபத்துல போயிட்டாரு, மறுநாள் அவருக்கு 46-வது பிறந்தநாள். இதை எழுதறப்போ இப்பவும் மனசு கனமாகுது.

கேள்வி: கற்பனை வேண்டாம், பழைய தலைமுறை ஆளு புது தலைமுறை கூட நிஜமா மோதினது உண்டா? (சேலம் வாசகர்)

பதில்: உண்டு, அதை விட நல்ல சாட்சி கிடையாது. 1974-ல கின்ஷாசால அலி கிட்ட எட்டாவது ரவுண்டுல விழுந்த ஜார்ஜ் ஃபோர்மேன், இருபது வருஷம் கழிச்சு, 1994 நவம்பர்ல, அதே சிவப்பு ட்ரவுசரைப் போட்டுக்கிட்டு 26 வயசு மைக்கேல் மூரர் முன்னாடி நின்னாரு. ஃபோர்மேனுக்கு வயசு 45. ரவுண்டுக்கு நடுவுல ஸ்டூல்ல உக்காராம நின்னுக்கிட்டே மூச்சு வாங்குவாரு. ஒன்பது ரவுண்டு முழுக்க அடி வாங்கினாரு, மூணு கார்டுலயும் பின்னாடி. பத்தாவதுல ஒண்ணு, ரெண்டுன்னு அடுத்தடுத்து குத்து, ரெண்டாவது வலது கை சின்னதா நேரா தாடையில... மூரர் மல்லாந்துட்டாரு. மூரர் யாரோ இல்லை, அதே வருஷம் ஏப்ரல்ல ஹோலிஃபீல்டையே ஜெயிச்சவரு. லாரி ஹோம்ஸும் 42 வயசுல, 1992-ல, அதுவரைக்கும் தோக்காத ஒலிம்பிக் சாம்பியன் ரே மெர்சரை 12 ரவுண்டும் ஜாப்பாலயே கட்டிப்போட்டாரு. வயசாகி, வேகம் போனப்புறமே இதுன்னா, 25 வயசுல இவங்க எப்படி இருந்திருப்பாங்க?

கேள்வி: 1980-ல அலி மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸ் கூட காட்சி சண்டை போட்டப்போ அப்பா தோள் மேல உக்காந்து பார்த்தவன் நான். சொல்லுங்க, அலியா உசிக்கா? (ராயபுரம் வாசகர்)

பதில்: உங்க மேல பொறாமையா இருக்குங்க. ரெண்டு பேரும் ஆறடி மூணு இன்ச், ரெண்டு பேருக்கும் ரீச் 78 இன்ச். 2024 மே மாசம் ரியாத்ல உசிக் 101 கிலோ, ஃப்யூரி 119. ஒன்பதாவது ரவுண்டுல ஃப்யூரி ரிங்ல அந்தப் பக்கத்துல இருந்து இந்தப் பக்கம் வரைக்கும் தள்ளாடிக்கிட்டே போனாரு, பெல் தான் காப்பாத்துச்சு. ரெண்டு ஜட்ஜ் உசிக், ஒருத்தர் ஃப்யூரி. அலி அளவு ஆளு இந்தக் கால ராட்சசனை காலாலயே ஜெயிக்க முடியும்னு அன்னைக்கு தெரிஞ்சு போச்சு. அதனால ஃப்யூரியை அலி ஜெயிப்பாருன்னு தயங்காம சொல்லுவேன்.

ஆனா உசிக் கூட சிக்கல், அவரு இடதுகை ஆட்டக்காரரு. 1966 செப்டம்பர்ல ஃப்ராங்க்ஃபர்ட்ல இடதுகை மில்டன்பெர்கரை முடிக்க அலிக்கு 12 ரவுண்டு ஆச்சு, ரெண்டே மாசத்துல ஹூஸ்டன்ல க்ளீவ்லேண்ட் வில்லியம்ஸை மூணே ரவுண்டுல தூக்கி எறிஞ்ச அதே அலிக்கு! இடதுகைக்காரன் முன்னாடி அவரோட ஜாப் அவ்வளவு சுலபமா போகல. கையைத் தொங்கவிட்டு தலையை நேரா பின்னாடி இழுக்கற பழக்கம் வேற, உசிக்கோட இடது நேர் குத்துக்கு அது வாட்டமா அமையும். இருந்தும் ஹூஸ்டன்ல நின்ன அந்த 24 வயசு அலியோட வேகத்துல உசிக் யாரையும் சந்திச்சதே இல்லை. 12 ரவுண்டுன்னா ஒரு ரவுண்டு வித்தியாசத்துல உசிக், 15 ரவுண்டுன்னா அலி. மனசுல எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் பதிமூணாவது ரவுண்டுல தான் அலி முன்னாடி போறாரு.

ஹோம்ஸ் – ஜோஷுவா, ஃப்ரேசியர் – உசிக் கேட்டவங்களுக்கு அடுத்த இதழ்ல எழுதறேன், இந்த வாட்டி இடம் இல்லை.