ஸ்கேலிங் செய்ததால் பல் ஆடுமா?

பல் நலம்: வாசகர் கேள்வி-பதில்

(இம்முறை மலேசியாவின் பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங் வட்டாரத்திலிருந்து வந்த மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்கிறோம்.)

கேள்வி: அப்பாவுக்கு வயது 54. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். இனிப்பு நீரும் ரத்தக் கொதிப்பும் உண்டு. பல் விளக்கினால் ரத்தம் வருகிறதென்று அரசாங்கப் பல் கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். ஈறு ஓரமெல்லாம் கம்பி மாதிரி ஒன்றை வைத்து அளந்து எண்களை எழுதிக்கொண்டார்கள். மேலாகச் சுத்தம் (ஸ்கேலிங்) செய்துவிட்டு, இன்னும் மூன்று தடவை வரச் சொன்னார்கள். இப்போது கீழ்ப் பல்லில் சந்து தெரிகிறது, பல் ஆடுகிறது. "ஸ்கேலிங் செய்துதான் கெடுத்துவிட்டார்கள், இனி போகமாட்டேன்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: எப்படியாவது பேசி அனுப்பி வையுங்கள். சந்து இப்போதுதான் கண்ணில் பட்டது என்பது உண்மை. உண்டானது மட்டும் இப்போது இல்லை. கீழ் முன்பற்களின் உள்பக்கம் உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய் திறக்கும் இடம்; காரை, அதாவது பல்லில் கல்லாக இறுகிய அழுக்கு, அங்கேதான் வேகமாகப் படியும். பல வருடக் காரை நாலைந்து பற்களைச் சேர்த்துப் பூசிய சிமெண்டு போல் பிடித்து நிற்கும். அதற்குள்ளேயே அடியில் எலும்பு கரைந்துபோயிருக்கும். காரையை எடுத்ததும் பிடிமானம் போகிறது, வீங்கியிருந்த ஈறும் சுருங்குகிறது. அதனால்தான் சந்தும் ஆட்டமும் ஒன்றாகத் தெரிகின்றன. வீக்கம் வற்ற வற்ற லேசான ஆட்டம் சில வாரத்தில் குறையும். எலும்பு பெருமளவு போய்விட்ட பல் மட்டும் ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

அந்தக் கம்பியின் நுனியில் அரை மில்லிமீட்டர் உருண்டை இருக்கும். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள பை எவ்வளவு ஆழம் என்று அளக்கும் கருவி அது. 3 மி.மீ. வரை சாதாரணம். 4, 5 என்றால் ஈறு நோய் இருக்க வாய்ப்புண்டு. 6-உம் அதற்கு மேலும் ஆழமான பை. பிரஷ்ஷின் நார் ஈறுக்கடியில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போவது அரிது. வாய் கொப்பளிக்கும் மருந்தும் அந்த ஆழத்துக்கு எட்டாது. அதனால்தான் கடையில் வாங்கும் எதுவும் இந்த நோயைத் தீர்ப்பதில்லை. அடுத்த முறை அப்பாவையே கேட்கச் சொல்லுங்கள்: "பொக்கெட் குசி பெராப்பா மிலிமீட்டர்?" (ஈறுப் பை எத்தனை மில்லிமீட்டர்?) தன் வாயின் எண் தெரிந்தவர் சிகிச்சையைப் பாதியில் விடுவது குறைவு.

மூன்று தடவை ஏன்? முதல் சுத்தம் ஈறுக்கு மேலே தெரியும் காரைக்கு. அடுத்தடுத்த தடவைகளில் மரக்க ஊசி போட்டு, பைக்குள் வேரில் ஒட்டியிருப்பதைப் பகுதி பகுதியாக எடுப்பார்கள். கீழ்த்தாடை இரண்டு பக்கமும் ஒரே நாளில் மரத்துப்போனால் நாக்கைக் கடித்துக்கொள்ள நேரும். அதனால் பிரித்துச் செய்வது வழக்கம். வேலை முடிந்து 6 முதல் 12 வாரம் கழித்து மறுபடி அளப்பார்கள். அதற்கு முன்னே அளந்தால், ஆறிக்கொண்டிருக்கும் ஈறைக் குத்திக் கிளறியதுதான் மிச்சம். அப்போதும் ஆழமாக இருக்கும் பைகளுக்கு ஈறு நிபுணரிடம் அனுப்பலாம். எந்தப் பல்லைக் காப்பாற்றுவது, எதைப் பிடுங்குவது என்ற முடிவும் பெரும்பாலும் அந்த அளவைப் பார்த்துத்தான். பிறகு ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். பைக்குள் கிருமிகள் பழைய நிலைக்குத் திரும்ப அவ்வளவு காலம்கூட ஆகாது.

இனிப்பு நீர் விஷயத்துக்கு வருவோம். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் ஈறு ஆறாது. ஈறு புண்ணாகவே இருந்தால் சர்க்கரையும் இறங்க அடம்பிடிக்கும். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார நிலையத்தில்) கொடுத்த இனிப்பு நீர்ப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். கடைசியாக எடுத்த எச்பிஏ1சி எண்ணை (இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை)ப் பல் டாக்டர் பார்க்க வேண்டும். கொதிப்புக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு ஈறு தடித்து வளரும். அப்படியிருந்தால் சொல்லுங்கள், மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரைக்கும் இதே பேச்சுதான். அப்பாயின்ட்மென்ட் அன்று பசியாறிவிட்டு, வழக்கமான மருந்தையும் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். மருந்தைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் போனால் நாற்காலியிலேயே சர்க்கரை இறங்கி, வியர்த்துக் கொட்டி மயக்கம் வரலாம்.

இவ்வளவும் கிளினிக் பக்கத்து வேலை. பல்லில் படியும் கிருமிப் படலத்தை வீட்டில் தினமும் எடுக்காவிட்டால் அந்த மூன்று தடவையும் வீண். மென்மையான, தலை சிறியதான பிரஷ் போதும். நாரை ஈறு ஓரத்தில் சாய்வாக, சுமார் 45 பாகையில் வைத்து, இரண்டிரண்டு பல்லாக, இடம் மாறாமல் லேசாகக் குலுக்க வேண்டும். கீழ் முன்பல்லின் உள்பக்கத்துக்குப் பிரஷ்ஷை நெட்டுக்குத்தாகப் பிடித்தால்தான் எட்டும். சந்து விழுந்த இடத்துக்குப் பல்லிடைப் பிரஷ். நார் இரண்டு பக்கப் பல்லையும் தொட வேண்டும், நடுக்கம்பி உரசக்கூடாது. ஒரே வாயில் இரண்டு மூன்று அளவு தேவைப்படுவது சகஜம். பல்குச்சி அந்த வேலையைச் செய்யாது. முதல் வாரம் ரத்தம் வரும். பயந்து விட்டுவிடாதீர்கள், ஒழுங்காகச் செய்தால் ஒன்றிரண்டு வாரத்தில் குறையும். குளோர்ஹெக்சிடின் என்ற கொப்பளிக்கும் மருந்தைக் கொடுத்தால் சொன்ன நாள் வரைக்கும்தான். நீட்டினால் பல் பழுப்பேறும்.

நம் ஆட்கள் அங்கே தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள், அதுதான் வில்லங்கம். பிளாஸ்டிக் பல்லில் காட்டுவதைப் பார்த்தால் போதாது. கையில் கண்ணாடியை வாங்கி, "தோலோங் துன்ஜுக் சாரா பெருஸ் கிகி" (பல் விளக்கும் முறையைக் காட்டுங்கள்) என்று கேட்டு, அங்கேயே தன் வாயில் செய்து காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும். படலத்துக்குச் சாயம் ஏற்றும் மாத்திரை இருந்தால் இன்னும் நல்லது. எந்த இடம் தப்புகிறதென்று அவர் கண்ணுக்கே தெரியும்.

அப்பா சிகரெட் பிடிப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. பிடிப்பவரென்றால், ஈறில் ரத்தம் வருவதை அது மறைத்துவிடும், ஆறுவதையும் கெடுக்கும். அதையும் டாக்டரிடம் ஒளிக்க வேண்டாம்.

கேள்வி: பாட்டி சின்ன வயதிலிருந்து வெற்றிலை பாக்கு போடுகிறவர், புகையிலை கிடையாது. இப்போது வாய் சரியாகத் திறக்கவில்லை, காரம் பட்டால் எரிகிறது. பொய்ப் பல் கட்டினால் நன்றாகச் சாப்பிடுவாரா?

பதில்: பொய்ப் பல் பிறகு. அச்சு எடுக்கும் தட்டே அந்த வாய்க்குள் நுழையாமல் போகலாம். அவருடைய மூன்று விரலைச் சேர்த்து நெட்டாக வாய்க்குள் வைக்கச் சொல்லுங்கள். நுழையவில்லை என்றால், பாக்கினால் கன்னத்தின் உள்தோலுக்கடியில் நாராக இறுகும் நோயாக இருக்கலாம். எரிச்சலும் அதன் முன்னடையாளம். "புகையிலை இல்லையே" என்று சமாதானம் சொல்ல இடமில்லை: உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004-இல் வெளியிட்ட தொகுதியில், புகையிலை சேராத வெற்றிலை பாக்கையும், பாக்கை மட்டுமேயும் புற்றுநோய் தருபவை என்று வகைப்படுத்திவிட்டது. பாக்கை இன்றே நிறுத்த வேண்டும். நிறுத்தினாலும் இறுகியது பழையபடி இளகாது. மேலும் இறுகுவது குறையும். கன்னம், நாக்கின் ஓரம், நாக்கடி ஆகிய இடங்களில் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருக்கிறதா என்று பார்த்து, இந்த வாரமே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். வலியில்லை என்பதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். வாய்ப் புற்று ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.

கேள்வி: நாலு வயது மகளுக்குப் பெரியவர்களின் பேஸ்ட் போடலாமா? நாங்கள் கிணற்றுத் தண்ணீர்தான் குடிக்கிறோம்.

பதில்: ஃப்ளோரைடு 1000 பி.பி.எம்.முக்குக் குறையாத பேஸ்ட்டாக இருக்கட்டும். எண் குழாயின் பின்பக்கம் இருக்கும். மூன்று வயதுக்குள் அரிசி மணியளவு, மூன்று முதல் ஆறு வரை பட்டாணியளவு. துப்பச் சொல்லுங்கள், தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்க வேண்டாம். ஏழெட்டு வயது வரை நீங்கள்தான் விளக்கிவிட வேண்டும். ஷூவுக்குக் கயிறு கட்டத் தெரியாத கைக்குப் பல் விளக்கவும் வராது. மலேசியாவில் குழாய்த் தண்ணீரில் ஃப்ளோரைடு சேர்ப்பது 1972-இல் அரசாங்கக் கொள்கையானது. இப்போதைய அளவு லிட்டருக்கு 0.5 மி.கி. கிணற்றுத் தண்ணீரில் அப்படிச் சேர்ப்பதில்லை. ஆகவே உங்கள் மகளுக்கு இரவு பேஸ்ட் இன்னும் முக்கியம். படுக்கையில் மைலோ போத்தலோடு தூங்க வைத்தால், விளக்கியதற்குப் பலன் இருக்காது.