தாழைக்கு உரம் தேடாதீர்கள்

கேள்வி: கடலோரத் தென்னந்தோப்புக்குள் மணல் ஏறிக்கொண்டே வருகிறது. தடுப்பதற்காகச் சித்திரையில் கிழக்கு ஓரத்தில் 200 தாழங்கன்றுகள் வாங்கி நட்டேன். தினமும் தண்ணீர் ஊற்றியும் பாதிக்கு மேல் காய்ந்துவிட்டன. கடைக்காரர் வேர் ஊக்கி ஊற்றச் சொல்கிறார். எவ்வளவு ஊற்றலாம்?

பதில்: ஒரு சொட்டும் வேண்டாம். வெறும் மணலில் ஊற்றுவது வேருக்கு நிற்காமல் இறங்கிவிடும். அதில் விளைச்சல் கடைக்காரருக்குத்தான்.

காய்ந்த கன்று ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். பையில் அடைத்த செம்மண் அப்படியே செங்கல்போல் இறுகியிருக்கும்; வேர் அதற்குள்ளேயே சுருண்டு கிடக்கும். நீங்கள் ஊற்றிய தண்ணீர் அந்தக் கட்டிக்குள் புகாமல் பக்கத்து மணல் வழியே போய்விட்டது. கடற்கரைக்கென்று செம்மண் பைக் கன்று விற்பவரை நான் நாற்றங்கால்காரர் என்றே சொல்லமாட்டேன். அக்கம்பக்கத்தில் பழந்தாழைப் புதர் இருக்கும்போது தாழைக்குக் காசு கொடுப்பதே வீண்.

உரியவரிடம் கேட்டு, அடியில் விழுதுவேர் முண்டுகள் தெரியும் பக்கக் கிளைகளை வெட்டுங்கள். மணிக்கட்டுப் பருமன், கை நீளம் போதும். இலைகளில் மூன்றில் இரண்டு பங்கை நறுக்கிவிடுங்கள். விளிம்பில் மட்டுமல்ல, அடிப்புற நடுநரம்பிலும் முள் உண்டு, கவனம். வெட்டுவாய் உலர இரண்டு மூன்று நாள் நிழலில் கிடக்கட்டும். ஐப்பசி மழையில் மணல் நனைந்தபின், ஈரம் தட்டும்வரை தோண்டி நட்டு, நன்றாக மிதித்துவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே புதரில் வெட்டாதீர்கள். தாழையில் ஆண் வேறு, பெண் வேறு. மணக்கும் பூ ஆணில், பழம் பெண்ணில். ஒரு செடியின் கிளைகளையே நட்டால் வேலி முழுக்க அந்த ஒரே செடிதான். விதை முளைக்க மாதக்கணக்காகும்; உங்கள் அவசரத்துக்கு ஒத்துவராது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: தாழைக்கு முன்னால் கடல் பக்கம் என்ன இருக்கிறது? வெறும் மணல் என்றால், பறக்கும் மணலும் உப்புச் சாரலும் இளங்குருத்தை அறுத்துவிடும். முன்வரிசை இராவணன் மீசைப் புல்லுக்கும் அடும்புக் கொடிக்கும் உரியது. கணுக்களோடு கொடித்துண்டுகளை அதே மழையில் புதைத்துவிடுங்கள். ஆடு மாடு மிதிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். அவை மணலைப் பிடிக்கும், தாழை அதற்குப் பின்னால் நிற்கும். சீக்கிரம் வளரும் என்று சவுக்கு வைக்கச் சொல்வார்கள். அதன் சருகு மெத்தையில் அடும்பு தலைகாட்டாது.

தாழம்பூ வாசனைக்குப் பாம்பு வரும் என்று வீட்டில் பயமுறுத்தினால், எலி உள்ள எந்தப் புதருக்கும் வரும் என்று சொல்லுங்கள்.

பிழைத்திருக்கும் கன்றுகளை ஐப்பசியில் கிளப்பி, செம்மண்ணை உதிர்த்து, சுருண்ட வேரை வெட்டி மறுபடி நடலாம். வெள்ளை வரியோடிய இலை உள்ளவை அழகுச்செடி ரகம். அவற்றை வீட்டு வாசலில் வைத்துக்கொள்ளுங்கள்.