பிராட்லி விக்கின்ஸ்: வெலோட்ரோம் முதல் பாரிஸ் வரை – கேள்வி பதில்

கேள்வி: நாலு நிமிஷ ட்ராக் பந்தயக்காரரான பிரிட்டிஷ் சைக்கிள் வீரர் விக்கின்ஸ், மூன்று வார சாலைப் பந்தயமான டூர் டி பிரான்ஸை எப்படி சார் ஜெயித்தார்? ரெண்டும் வேற வேற விளையாட்டு இல்லையா?

பார்க்க அப்படித்தான் தெரியும். தனிநபர் பர்சூட் என்பது 4 கிலோமீட்டர், 250 மீட்டர் வெலோட்ரோமில், அதாவது சைக்கிள் பந்தய வட்ட அரங்கில், 16 சுற்று. இருவரும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து கிளம்புவார்கள். சைக்கிளில் பிரேக் இல்லை, கியர் மாற்ற முடியாது, சக்கரம் ஓடும்வரை காலும் சுழன்றே ஆகவேண்டும். முதல் இரண்டு சுற்றில் ஆவேசப்பட்டவருக்குக் கடைசி நான்கு சுற்றில் கால் மரத்துப்போகும். சுற்றுக்குச் சுற்று நேரம் பிசகாமல் ஓட்டுவதில்தான் வித்தை இருக்கிறது, விக்கின்ஸுக்கு அது கைவந்த கலை.

சாலையில் டைம் ட்ரையல், அதாவது தனியாக ஓட்டிக் கடிகாரத்தோடு போட்டி போடும் பந்தயம், கேட்பதும் அதே நிதானத்தைத்தான், ஒரு மணி நேரம் வரை நீளும் என்பதுதான் வித்தியாசம். 2012 டூரில் நீண்ட டைம் ட்ரையல்கள் இரண்டு: 41.5 கி.மீ., 53.5 கி.மீ. இரண்டையும் அவரே வென்றார். மலையில் அவருடைய அணித்தோழர் கிறிஸ் ஃப்ரூம்தான் வலுவாக இருந்தார் என்பேன். ஆனாலும் கடைசியில் ஃப்ரூம் 3 நிமிடம் 21 விநாடி பின்னால். பாதை சாதகமாக அமைந்தது உண்மைதான். அதற்காக வெறும் அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. அதே ஆண்டு பாரிஸ்–நீஸ், ரொமாண்டி, டோஃபினே என்ற பல நாள் சாலைப் பந்தயங்கள் மூன்றும் அவர் வசம்தான்.

கேள்வி: பீஜிங்கில் இரண்டு தங்கம் வாங்கியவர் ஏன் ட்ராக்கை விட்டார்?

தனிநபர் பர்சூட்டை 2012 ஒலிம்பிக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஏதென்ஸிலும் பீஜிங்கிலும் அவருக்குத் தங்கம் தந்த பந்தயமே இல்லாமல் போனது. உடம்பை இளைத்துக்கொண்டு 2009 டூரில் நான்காவதாக வந்தார். ஊக்கமருந்து விவகாரத்தில் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் முடிவுகள் ரத்தானபோது அது மூன்றாம் இடமாயிற்று.

கேள்வி: மொத்தம் எத்தனை ஒலிம்பிக் பதக்கம்?

8. அதில் தங்கம் 5. 2012 லண்டன் தங்கம் டைம் ட்ரையலுக்கு, அதுவும் டூர் முடிந்த பத்தாம் நாள்.

கேள்வி: அப்பாவும் சைக்கிள் வீரராமே?

ஆமாம், கேரி விக்கின்ஸ், ஆஸ்திரேலியர், ட்ராக் பந்தயக்காரர். மகன் பிறந்தது பெல்ஜியத்தின் கென்ட் நகரில், வளர்ந்தது லண்டனில் அம்மாவிடம்.

கேள்வி: ஒரு மணி நேரத்தில் அதிக தூரம் ஓட்டிய அவரது சாதனையை முறியடித்துவிட்டார்களே, இன்னும் அதைப் பெரிதாகப் பேசுவது ஏன்?

2015 ஜூன் 7, லண்டன், 54.526 கி.மீ. முந்தைய சாதனை 52.937. அன்று காற்றழுத்தம் மிக அதிகம். அழுத்தம் ஏறினால் காற்று அடர்த்தியாகி எதிர்ப்பும் கூடும். காற்று ஒத்துழைத்திருந்தால் 55 தாண்டியிருப்பார் என்றே நம்புகிறேன். 2022இல் இத்தாலியின் ஃபிலிப்போ கன்னா 56.792 ஓட்டியிருக்கிறார். அதற்காக விக்கின்ஸின் ஓட்டம் சிறுத்துவிடாது.

கேள்வி: ரியோவுக்கு எடை கூட்டினாராமே?

கூட்டினார், கணிசமாகவே. மலையில் ஒவ்வொரு கிலோவும் சுமை. வெலோட்ரோமில் ஏற்றமே கிடையாது, வலுதான் முக்கியம். 2016 ரியோ ஒலிம்பிக்கில், நால்வர் அணியாக ஓட்டும் டீம் பர்சூட்டில் உலக சாதனையோடு தங்கம்.

கேள்வி: ஊசி விவகாரத்தைத் தொடவே மாட்டீர்களா?

தொடாமல் எப்படி? பெரிய பந்தயங்களுக்கு முன் டிரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை ஊசியாகப் போட்டுக்கொண்டார். ஒவ்வாமைக்கு என்று கட்டுப்படுத்தப்பட்ட அந்த மருந்துக்கு முறையான மருத்துவ விலக்கு வாங்கியிருந்தார். 2018இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு, அவரது அணி நெறிமுறைக் கோட்டைத் தாண்டியது என்றது. அவர் மறுத்தார், தண்டனை எதுவும் இல்லை. விதிக்குள் இருந்தார், ஆனால் எனக்கு உறுத்தல் தீரவில்லை.

கேள்வி: ஒரே ஒரு காட்சி பார்க்கலாம் என்றால் எது சார்?

2012 டூரின் கடைசி நாள், ஷான்ஸெலிசே. மொத்தப் பந்தயத்தில் முன்னிலை வகிக்கும் மஞ்சள் ஜெர்ஸிக்காரர் அன்று பத்திரமாக நடுவில் ஓட்டிக்கொண்டு வந்தால் போதும். இவரோ கடைசிக் கிலோமீட்டரில் கூட்டத்துக்கு முன்னால் வந்து, தலையைக் குனிந்து, அணித்தோழர் மார்க் கேவண்டிஷ் பின்னால் ஒட்டிவந்து கடைசியில் பாய்வதற்காக வேகத்தை இழுத்துக் கொடுத்தார். கேவண்டிஷ் ஜெயித்தார்.