டொரென்ட் மென்பொருள்கள்: எது மூலம், எது கிளை, எது போலி? (கேள்வி பதில்)

கோப்புப் பகிர்வு மென்பொருள்களைப் பற்றி மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. டொரென்ட் என்றால், ஒரு கோப்பை வைத்திருக்கும் பலரின் கணினிகளிலிருந்து அதைத் துண்டு துண்டாக இறக்கி, நாமும் பிறருக்குக் கொடுக்கும் முறை. களுவாஞ்சிக்குடியில் கணினி திருத்தும் கடை வைத்திருப்பவன் என்ற உரிமையில் பதில் எழுதுகிறேன். புதுப்படம் எங்கே கிடைக்கும் என்று கேட்டவர்களின் கேள்விகளை ஒதுக்கிவிட்டேன். அப்படி ஒதுக்கியவைதான் அதிகம்.

செங்கலடி, பல்கலைக்கழக மாணவர்: அண்ணா, கியூபிட்டொரென்ட் என்று தேடினால் ‘என்ஹான்ஸ்ட் எடிஷன்’ என்று இன்னொன்றும் வருகிறது. எது அசல்? ஒரே மென்பொருளுக்கு ஏன் இத்தனை அவதாரங்கள்?

தம்பி, 2006இல் தொடங்கிய கியூபிட்டொரென்ட்தான் மூலம். அதன் நிரல் ஜிபிஎல் என்ற பொது உரிமத்தில் வெளியாகிறது. யாரும் அதை எடுத்துத் திருத்தி வெளியிடலாம். திருத்தியதைப் பிறருக்குக் கொடுத்தால் அதன் நிரலையும் கொடுக்க வேண்டும் என்பதே நிபந்தனை. நீங்கள் பார்த்தது அப்படிப் பிரிந்த ஒரு கிளை. வாங்கிக்கொண்டு எதையும் திருப்பிக் கொடுக்காத சில மென்பொருள்களை, உதாரணமாகச் சீனாவின் சுன்லெய்யை, அது தானாகவே தடுக்கிறது. போலி அல்ல. ஆனால் உறுப்பினர்களுக்கு மட்டுமான டிராக்கர்கள் (கோப்பு யாரிடம் இருக்கிறது என்று காட்டி இணைத்துவிடும் சேவையகங்கள்) சில, திருத்திய பதிப்புகளை உள்ளே விடுவதில்லை. உங்களுக்கு மூலமே போதும்.

கிளை பிரிந்தால் ஏதோ குடும்பச் சண்டை என்று நினைக்க வேண்டாம். பல மென்பொருள்கள் இன்றும் உயிரோடு இருப்பது அதனால்தான். அசூரியஸ் என்ற டொரென்ட் மென்பொருள் 2003இல் வந்தது. பிறகு வியூஸ் என்று பெயர் மாறி, விளம்பரங்களைச் சுமந்து தளர்ந்தது. அதில் வேலை செய்தவர்களே 2017இல் பிக்லிபிடி என்று தனியாகத் தொடங்கி, விளம்பரம் இல்லாமல் நடத்துகிறார்கள். லைம்வயர் என்ற பகிர்வு மென்பொருளை 2010இல் அமெரிக்க நீதிமன்றம் முடக்கியது. அதன் நிரலிலிருந்து 2004இலேயே பிரிந்துபோன ஃப்ராஸ்ட்வயர் அதற்குப் பிறகும் ஓடியது.

ஷாரியாசா என்ற இன்னொரு பகிர்வு மென்பொருளின் கதை வேறு. அதன் இணைய முகவரி 2007 டிசம்பரில் வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போனது. அதே முகவரி, அதே பெயர், உள்ளே கிடைத்ததோ சம்பந்தமே இல்லாத மென்பொருள். உண்மையான ஆக்குநர்கள் நிரல்களை வைத்துப் பகிரும் சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்துக்கு இடம்பெயர வேண்டியதாயிற்று. அதனால் பெயரையும் சின்னத்தையும் பார்த்து மயங்காதீர்கள். நிரல் பகிரங்கமாக இருக்கிறதா, அண்மையில் யாராவது அதைத் தொட்டிருக்கிறார்களா, தரவிறக்க இணைப்பு அந்த நிரல் இருக்கும் இடத்திலிருந்தே வருகிறதா என்று பாருங்கள். தேடல் முடிவின் உச்சியில் வரும் விளம்பரத்தைச் சொடுக்கி நிறுவியவர்களால்தான் என் கடைக்குப் பாதி வருமானம்.

பொத்துவில்: மியூடொரென்ட் இலவசம்தானே, அதுவும் திறந்த மூலமா?

இல்லை. இலவசம் வேறு, திறந்த மூலம் வேறு. திறந்த மூலம் என்றால் நிரலையே யாரும் பார்க்கலாம், திருத்தலாம். பிராம் கோஹன் 2001இல் வெளியிட்ட பிட்டொரென்ட் மென்பொருள் திறந்த மூலமாகத்தான் இருந்தது. 2007இல் வந்த அதன் ஆறாம் பதிப்போ, நிரலை மூடி வைத்த மியூடொரென்டுக்கே புதுச் சட்டை போட்டதுதான். கதவும் அத்தோடு மூடிக்கொண்டது.

காத்தான்குடி, ஓய்வு பெற்ற அரச ஊழியர்: தம்பி, பழைய தமிழ் வானொலிப் பதிவுகள் தேடி இமியூல் என்ற பகிர்வு மென்பொருளைப் போட்டேன். எப்போதும் ‘லோ ஐடி’ என்றே காட்டுகிறது.

காக்கா, இமியூல் 2002இல் பிறந்தது. 2010இல் 0.50 பதிப்போடு மூல ஆக்குநர்கள் ஓய்ந்துவிட்டார்கள். பிறகு ஆர்வலர்கள்தான் கொண்டுபோகிறார்கள். லினக்ஸிலும் மேக்கிலும் அதற்கு இணையான ஏமியூல் உண்டு.

லோ ஐடி என்றால், வெளியிலிருந்து யாரும் உங்கள் கணினியை நேரே தொடர்புகொள்ள முடியவில்லை என்று பொருள். வழக்கமாக ரவுட்டரில் டிசிபி 4662, யுடிபி 4672 ஆகிய இரண்டு போர்ட்டுகளை (இணைப்பு வாசல்களை) திறந்தால் சரியாகும். முதலில் ஒன்றைப் பாருங்கள்: ரவுட்டரின் பக்கத்தில் ‘வான் ஐபி’ (WAN IP, வெளி இணைய முகவரி) என்ற எண் 100.64 முதல் 100.127 வரையான ஒன்றில் தொடங்கினால், உங்கள் நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. சிம் போடும் ரவுட்டர்களில் இது சாதாரணம். அப்போது எத்தனை போர்ட் திறந்தாலும் பயன் இல்லை. இறக்கம் நடக்கும், ஆனால் மெதுவாக. லோ ஐடிக்காரர் இருவர் தமக்குள் கொடுத்து வாங்க முடியாது.

இன்னொன்று. பதிவேற்ற வேகத்தைக் குறைத்து வைத்திருக்கிறீர்களா? நொடிக்கு 4 கிலோபைட்டுக்குக் கீழே வைத்தால், இமியூல் இறக்க வேகத்தை அதன் மூன்று மடங்கோடு நிறுத்திவிடும். கொடுக்காமல் வாங்க நினைப்பவர்களுக்கு அது போட்ட பூட்டு.

திருக்கோவில்: லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தை டொரென்டில் இறக்கினேன். கோப்பு 3 ஜிபிக்குள்தான். காலையில் பார்த்தால் டேட்டா முழுவதும் தீர்ந்திருந்தது. யார் திருடியது?

யாரும் திருடவில்லை, நீங்களே கொடுத்துவிட்டீர்கள். இறக்கி முடித்த கோப்பை மென்பொருள் இரவு முழுக்கப் பிறருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பதிவேற்றமும் பொதியில்தான் கழியும். கியூபிட்டொரென்ட் அமைப்பில் விகிதம் 1 ஆனதும் நிறுத்தும்படி வையுங்கள். வாங்கிய அளவு கொடுத்தாயிற்று என்று பொருள். பதிவேற்ற வேகத்துக்கு 0 என்று எழுதி, அடைத்துவிட்டதாக நினைக்காதீர்கள். அங்கே 0 என்றால் வரம்பே இல்லை.

அக்கரைப்பற்று, ஆசிரியை: பாடசாலைக் கணினி அறையில் இணையம் இல்லை. பிள்ளைகளுக்குப் பாடக் கோப்புகளைக் கொடுக்க டொரென்ட் உதவுமா?

டீச்சர், அதற்கு டொரென்ட் தேவையில்லை. ஒரே வைஃபையில் இருக்கும் போனுக்கும் கணினிக்கும் லோக்கல்சென்ட் என்ற செயலி போதும். இணையம் வேண்டாம், கணக்கும் தொடங்க வேண்டாம். ஒரு கோப்புறை எல்லாக் கணினிகளிலும் எப்போதும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமென்றால் சிங்க்திங் என்ற மென்பொருள். இரண்டும் திறந்த மூலம்.

காரைதீவு, நூலகர்: பழைய நூல்களை வருடி டொரென்டாகப் பகிர்ந்தால் சட்டச் சிக்கல் வருமா?

மென்பொருளில் சட்டச் சிக்கல் இல்லை. எதைப் பகிர்கிறீர்கள் என்பதே கேள்வி. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிப்புரிமை ஆசிரியர் இறந்த பின்னும் 70 ஆண்டுகள் நிற்கிறது. உங்கள் ஊர் விபுலானந்த அடிகள் 1947இல் மறைந்தார். அவர் எழுத்துக்குத் தடை இல்லை. ஆனால் அண்மைப் பதிப்பொன்றில் வேறொருவர் எழுதிய முன்னுரையும் குறிப்புரையும் அவருக்கே உரியவை, அவற்றை விட்டுவிட்டு வருடுங்கள். வருடியதை இலவச இணைய நூலகமான இன்டர்நெட் ஆர்கைவில் ஏற்றினால் டொரென்ட் கோப்பை அதுவே உருவாக்கித் தரும். பகிர்பவர் ஒருவரும் இல்லாத நாளிலும் அதன் சேவையகத்திலிருந்து இறங்கும்.

வாழைச்சேனை: திறந்த மூலம் என்றால் வைரஸ் வராதுதானே?

வரும். 2016 மார்ச்சில் டிரான்ஸ்மிஷன் என்ற திறந்த மூல டொரென்ட் மென்பொருளின் சொந்தத் தளத்தில் இருந்த மேக் நிறுவியிலேயே கீரேஞ்சர் என்ற பணயத் தீநிரலை (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்பது) புகுத்திவிட்டார்கள். தளத்தில் கையொப்பக் கோப்போ சரிபார்ப்பு எண்ணோ கொடுத்திருந்தால், நிறுவுமுன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கல்முனை: போனில் இறக்கலாமா?

ஆண்ட்ராய்டில் லிப்ரேடொரென்ட் நல்லது; எஃப்-டிராய்டு என்ற திறந்த மூலச் செயலிக் களஞ்சியத்தில் கிடைக்கும். ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரில் இவ்வகைச் செயலிகளை அனுமதிப்பதில்லை. மொபைல் டேட்டாவில் இறக்காதே என்று அமைப்பில் வைத்தாலும், வீட்டு வைஃபை சிம் ரவுட்டரிலிருந்து வருவது போனுக்குத் தெரியாது. வைஃபை அமைப்பில் அந்த இணைப்பை ‘மீட்டர்டு’ (டேட்டா அளவு உள்ளது) என்று குறித்துவிட்டுத் தொடங்குங்கள்.