சிஞ்சுவில் ஒரு சைவக் கடை

முனைவர் பட்டப் படிப்புக்காக அடுத்த மாதம் தைவானின் சிஞ்சு நகருக்கு வருகிறேன், முட்டைகூடத் தொடாத எனக்கு அங்கே சோறு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கிடைக்கும், தம்பி. அரிசி மூட்டையைச் சுமந்து வராதீர்கள்.

2013இல் நான் வந்தபோது இதைச் சொல்ல ஆளில்லை. முதல் மூன்று வாரங்களை ரொட்டியிலும் வாழைப்பழத்திலும் ஓட்டினேன். அத்தனை நாளும் ஆய்வகத்துக்குப் போகும் வழியிலேயே ஒரு சைவக் கடை இருந்திருக்கிறது. ஒரு நாள் மழைக்கு அதன் வாசலில் ஒதுங்கியபோதுதான் பலகை ஓரத்தில் ஸ்வஸ்திக் கண்ணில் பட்டது. நம் வீட்டு வாசலில் போடுவதற்கு எதிர்த்திசையில் திரும்பியிருக்கும். இங்கே அது புத்த சமயத்தின் சின்னம், சைவக் கடைக்கும் அடையாளம். அதோடு சைவத்தைக் குறிக்கும் 'சூ' என்ற சீன எழுத்தையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: மேலே மூன்று கிடைக்கோடுகள், அவற்றை ஊடுருவும் ஒரு செங்குத்துக் கோடு, கீழே முறுக்கிய நூல் போல ஓர் உரு. 'ச்சுவென் சூ' என்றால் முட்டையும் பாலும் இல்லாத முழுச் சைவம். சைவம் என்று விற்கும் பொட்டலங்களில் எந்த வகைச் சைவம் என்று அச்சிட்டிருக்கும். வெறும் சைவம் என்று கேட்டால் முட்டை வந்துவிடலாம்.

அது ஒரு குடும்பம் நடத்தும் கடை. அப்பா அடுப்படியில், அம்மா தராசருகில், மகன் கல்லாவில். இருபது முப்பது தட்டுகளில் வதக்கலும் பொரியலும் ஆவி பறக்க இருக்கும். வேண்டியதை எடுத்துப்போய்த் தராசில் வைத்தால் எடைக்கு விலை. சௌசௌ கொடியின் தளிரை இஞ்சி போட்டு வதக்கியிருப்பார்கள். நாம் காயை மட்டும் தின்றுவிட்டுக் கொடியை விட்டுவிடுகிறோமே என்று அன்றைக்கு வருத்தமாக இருந்தது. தோலோடு மீன் துண்டு போல ஒன்று இருக்கும், பயப்படாதீர்கள்: உள்ளே சோயா, தோலாகத் தெரிவது கடற்பாசித் தாள்.

அந்த அம்மா என் தட்டைப் பார்த்து, சோறு போதாது என்று கைச்சாடையிலேயே சொல்லி இன்னொரு கரண்டி வைப்பார். நன்றிக்கு ஒரு நாள் ரசம் வைத்துக் கொண்டுபோனேன். மூடியைத் திறந்து முகர்ந்தவர், மெல்ல மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு முகம் சுருங்கிப்போனது. மகன்தான் கைப்பேசியில் மொழிபெயர்த்துக் காட்டினான்: வெங்காயம், பூண்டு போல அவர்கள் விலக்கும் ஐந்து பொருள்களில் பெருங்காயமும் ஒன்று. அவர்களுடைய பழைய நூல்களில் அதற்கு உள்ள பெயரே நம் நாட்டு 'ஹிங்கு'விலிருந்து போனதாம். மறுவாரம் மிளகும் சீரகமும் தக்காளியும் மட்டும் போட்டு வைத்துக் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு கிண்ணம் குடித்தார்.

ஆகவே வெங்காயமும் பூண்டும் இல்லாத சமையலுக்கு நாக்கைப் பழக்கிக்கொள்ளுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மற்றவர்களும் சைவம் சாப்பிடுவதால் இந்தக் கடைகளில் கூட்டம் நெரியும், பதினொன்றரைக்கே போய்விடுங்கள். இரவில் சீக்கிரம் மூடிவிடுவார்கள். வந்து இறங்கியதும் எழுதுங்கள், முதல் நாள் மதியம் நானே அழைத்துப்போகிறேன்.